நாற்பது பறவைக்கு ஒரு பறவை விலை

தமிழில் உள்ள சொற்களிலேயே மோசமான சொல் எது என்று யாராவது என்னைக் கேட்டால் (யாரும் கேட்பதில்லை, நானேதான் வலியப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது) ‘சும்மா’ என்றுதான் சொல்வேன். “சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போங்க.” “சும்மா ஒரு யோசனை சொல்லுங்க.” “சும்மா ஒரு ரேட்டு சொல்லுங்க, மனசுல வெச்சிக்கிறோம்.” இதே ஆட்கள் டிபன் கடையில் போய்ச் சும்மா ரெண்டு இட்லி வை என்று கேட்பார்களா? ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏறி, சும்மா சுங்குவார்சத்திரம் வரைக்கும் வருகிறேன், டிக்கெட் வேண்டாம் என்பார்களா? கண்டக்டர் கழுத்தைப் பிடித்து இறக்கிவிடுவார். ஆலோசகன் என்றால் மட்டும் அவன் வாயிலிருந்து வருவது காற்று, காற்றுக்கு எதற்குக் காசு என்று ஊரே கூடி முடிவு பண்ணி வைத்திருக்கிறது.

இவ்வளவு கோபப்படுகிற நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னை யாரும் அவ்வளவு மோசமாக ஏமாற்றியதில்லை, நான் என்னை ஏமாற்றிக்கொண்ட அளவுக்கு. அதுவும் எதிராளி “வேண்டாம் சார், யோசிச்சிச் சொல்லுங்க” என்று மூன்று தடவை கெஞ்சிய பிறகு.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயர் ஏகாம்பரம். ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. (முழு ஆண்டுப் பரீட்சை அன்று தெருவில் தறி நூலை நீட்டிப் பாவு ஓட ஆள் குறைகிறதென்று வீட்டில் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆகையால் நாலே முக்கால்தான் என்று என் மனைவி சரோஜா திருத்துவாள்.) அந்த நாலே முக்காலை வைத்துக்கொண்டு, இன்ஜினியரிங் படித்தவன் தலையைச் சொறிகிற தறியை நான் ஓடவைத்திருக்கிறேன். தெருவில் நடந்து போகும்போதே சத்தத்தைக் கேட்டு, “மூணாவது வீட்டுத் தறியில ஒரு கொக்கி தேஞ்சிப்போச்சி” என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னது இரண்டு தடவை, சரியாக இருந்தது ஒரு தடவை. ஊர் பேசுவது அந்த ஒரு தடவையைத்தான்.

இருபத்தேழு வருடம் ஒரு பட்டுக்கடை முதலாளியிடம் மேஸ்திரியாக இருந்தேன். அவர் ஒரு தீபாவளிக்கு வாயால் சொன்ன போனஸை, கைக்கு வருவதற்குள் மூன்று முறை குறைத்தார். கடையில் வாடிக்கையாளர்கள் சேலை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “சொன்ன வார்த்தைய மாத்துற வாயிக்கு இந்த ஏகாம்பரம் வேலை செய்ய மாட்டான்” என்று முழங்கிவிட்டுப் படி இறங்கினேன். பிரமாதமான வசனம். ஒரு வாரம் தெருவே அதைப் பேசியது. மறுமாதமே ‘பட்டு நெசவு ஆலோசகர்’ என்று ஆயிரம் கார்டு அடித்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. அந்த வயதில் மனுசனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. எனக்குக் கார்டு வந்திருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் நடந்தது இது. வாலாஜாபாத் ரோட்டில் புதிதாக ஒரு ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தங்குவதற்காம். அந்த ஓட்டலுக்கு உள் அலங்காரம் செய்கிற ரேவதி என்ற பெண், சென்னையிலிருந்து என்னைத் தேடி வந்தாள். கையில் லேப்டாப், தோளில் பை, முகத்தில் மரியாதை. வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு இருபத்துநாலு அடி நீளத்தில் ஒரு பட்டுத் தொங்கல் வேண்டும். நடுவில் ஜரிகையில் வரிசையாகப் பறவைகள் போக வேண்டும். பட்டும் ஜரிகையும் அவர்கள் வாங்கித் தருவார்கள். படத்தைத் தறிக்கு ஏற்பக் கட்டத்தாளில் வரைவது, அட்டை குத்துவது, தறி கட்டுவது, நெய்து கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

“சார், எல்லாப் படமும் இந்த ஃபைல்ல இருக்கு. பொறுமையா பார்த்துட்டு ரெண்டு நாள் கழிச்சி ஒரு கொட்டேஷன் குடுங்க, போதும்.”

“கொட்டேஷனா? என் வாயிதாம்மா கொட்டேஷன். அறுபத்தையாயிரம்.”

“சார், ஒரு தடவை படத்தை…”

“பறவைதானேம்மா? நாப்பது வருசமா அன்னம் போட்டுக்கினு இருக்கறேன். கண்ண மூடிக்கினு போடுவேன்.”

“நாப்பது பறவை சார்.”

“நாப்பது இன்னாமா, நானூறு கேளு!”

அந்தப் பெண் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். “நானூறுன்னாலும் இதே ரேட்டா சார்?”

“இதே ரேட்டு. ஒரு பைசா ஏறாது. சொன்னா சொன்னதுதான், கடைத்தெருவுல யாரை வேணா கேட்டுப் பாரு.”

காபி கொண்டு வந்த சரோஜா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். “அந்தப் பொண்ணு என்னமோ காட்ட வருது, பாருங்களேன்” என்றாள். நான் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவன் படம் பார்ப்பது, சமையல் தெரிந்தவள் புத்தகம் பார்ப்பது மாதிரி கேவலம் என்று அன்றைக்கு நினைத்தேன். ரேவதி வாசலில் போய் ஓனரிடம் போனில் நெடுநேரம் பேசிவிட்டு வந்து, இருபதாயிரம் முன்பணம் கொடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் இருந்தது பக்தி என்று நினைத்தேன். பயம் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் ஏன் நானூறு என்று சொன்னேன் என்று தறி தெரியாதவர்கள் கேட்கலாம். பூவும் பறவையும் புட்டாவாகப் போடும் தறியில், குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு ஊடை நூலுக்கும் ஒரு அட்டை. அட்டையில் குத்தியிருக்கும் ஓட்டைதான் எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும். ஒரு அன்னத்துக்கு இருநூறு அட்டை என்றால், அந்த இருநூறையும் மாலையாகக் கோத்துத் தறி மேல் சுற்றவிட்டால் போதும். மாலை ஒரு சுற்று வந்தால் ஒரு அன்னம். மறுபடி சுற்றினால் மறுபடி அன்னம். சேலை முடிகிறவரைக்கும் அன்னம் பிறந்துகொண்டே இருக்கும். உலகத்திலேயே பிரசவச் செலவு ஒரே ஒரு தடவை ஆகிற ஜாதி எங்கள் அன்னம்தான். ஆகவே எங்கள் தெருவில் எவனும் எத்தனை பறவை என்று கேட்கமாட்டான். கேட்டால் சிரிப்பார்கள். நாலு தலைமுறையாக அப்படித்தான்.

மறுநாள், ரேவதி போனில் அனுப்பிவைத்த ஃபைலோடு ஜமால் பாயிடம் போனேன். எங்கள் ஊரில் அட்டை குத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. (அவரும் அதையேதான் சொல்வார்.) பாய் தன் பேத்தியின் போனில் படங்களைத் திறந்தார். தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். முகம் போகிற போக்கைப் பார்த்து, “இன்னா பாய், கரண்டு பில்லா?” என்றேன்.

“மொதலியாரே, இதுல அன்னமே இல்லியே.”

“வேற இன்னா இருக்குது?”

“மஞ்சமூக்கு நாரை. நத்தைகுத்தி நாரை. கரண்டிவாயன். அரிவாமூக்கன். பாம்புத்தாரா. கூழைக்கடா. அல்லா, இது மூஞ்சா இன்னாபா இது, தாடைக்குக் கீழ ஒரு பையி தொங்குது!”

“சரி, அதுல எது நல்லா இருக்குதோ அதைப் போட்டுச் சுத்திவுடு.”

“கீழ எழுதியிருக்குது பாரு. நாப்பது பறவை, ஒண்ணுகூட திரும்ப வரக்கூடாதாம். வேடந்தாங்கலுக்கு வர்ற ஒவ்வொரு ஜாதிக்கும் ஒண்ணு.”

நான் உட்கார்ந்தேன். பாய் கணக்குப் போட்டார். ஒரு பறவைக்கு இருநூறு அட்டை. நாற்பதுக்கு எட்டாயிரம். “மொதலியாரே, நான் குத்துற கூலியே உன் மொத்த ரேட்டத் தாண்டிக்கினு போவுது. நாப்பது படம் வரையறவனுக்கு யாரு குடுப்பா? உனக்கு நெசவுக் கூலி? இன்னா சொன்னே அந்தப் பொண்ணுகிட்ட?”

“நானூறு கேளுன்னு சொன்னேன்.”

பாய் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சிரிப்பை மறைக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருட சிநேகிதம், அந்த மரியாதை இருந்தது. “போன் போட்டுச் சொல்லிடுபா. தப்பா புரிஞ்சிக்கினேன், வேற ரேட்டுன்னு. இதுல இன்னா கொறஞ்சிடப் போவுது?”

எல்லாம் குறைந்துவிடும்! சொன்ன வார்த்தையை மாற்றுகிற வாய் என்று முதலாளியைக் கடை நடுவில் நிறுத்திக் கேட்டவன் நான். கார்டு அடித்து முதல் வேலையிலேயே நான் வார்த்தையை மாற்றினால், அந்த ஆள் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அறுபத்தையாயிரம் என்றால் அறுபத்தையாயிரம்தான் என்று எழுந்து வந்தேன். வீரம். சுத்த வீரம். அந்த வீரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், சரோஜாவின் மாடியிலிருந்து வந்தது.

எங்கள் வீட்டில் கூடம் முழுக்கத் தறி. தறிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுத்தோம். மேலே ஒரு ரூம் போட வேண்டும், ஜன்னல் வைத்து, காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பது சரோஜாவுக்கு முப்பது வருட ஆசை. அதற்காக அவள் சீட்டுக் கட்டியும் கூலிக்கு நூல் கோன் சுற்றியும் சேர்த்த ஒரு லட்சத்து இருபதாயிரம் என் பெயரில் பேங்கில் இருந்தது. (என் பெயரில் ஏன் என்றால், குடும்பத் தலைவன் நான்.) அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். கொத்தனாரைக் கூப்பிடலாமா என்று சரோஜா கேட்கும்போதெல்லாம், “கம்பி வெலை எறங்கட்டும்” என்றேன்.

அட்டைகள் வர ஆரம்பித்தன. எட்டாயிரம் அட்டை என்பதை வாயால் சொல்வது சுலபம். வீட்டில் வைத்துப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே நாரைகள். அரிசி டிரம்மின் மேல் நீர்க்காகம். சாமி படத்துக்குப் பின்னால் அரிவாள்மூக்கன்.

“ஏங்க, ரசப்பொடி டப்பா எங்க?”

“நத்தைகுத்திக்குப் பின்னாடி பாரு.”

“அங்க இல்லீங்க.”

“அப்ப கரண்டிவாயனைத் தூக்கு.”

இப்படித்தான் நாங்கள் மூன்று மாதம் குடித்தனம் நடத்தினோம். விருந்தாளி வந்தால் பாம்புத்தாரா மேல் உட்காரவைத்தோம்.

இருபத்துமூன்றாவது பறவையோடு மாடி தீர்ந்துபோனது.

அதே வாரம் சரோஜா பாஸ்புக்கில் வரவு பதிய பேங்குக்குப் போனாள். திரும்பி வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. முதலாளி கத்தினால் திருப்பிக் கத்தலாம். பேசாத பொம்பளையை என்ன செய்வது? மூன்றாம் நாள், “ஓட்டலுக்கு அதைக் குடுக்கப் போவும்போது நானும் வரேன்” என்றாள். அவ்வளவுதான்.

மீதி பதினேழு பறவைக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏமாற்று வேலை என்று சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். தொழில் நுட்பம். அட்டை மாலையைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினால் அதே பறவை முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும். கிழக்கே போன நாரை மேற்கே வரும். பார்ப்பவனுக்கு வேறு நாரை. கடைத்தெருவில் ஒருவனை எதிரும் புதிருமாக இரண்டு தடவை பார்த்தால் இரண்டு ஆள் என்று நினைப்பதில்லையா? (இல்லை என்றாள் என் பெரிய பெண், பிற்பாடு.) பதினேழு பறவைகளை இப்படித் திருப்பி அனுப்பினேன். அதில் ஒன்றை, முப்பத்தொன்றாவது, மத்தியானம் சாப்பிட்ட மயக்கத்தில் கோத்திருக்கிறேன். அட்டையின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று பார்க்கவில்லை. தறியில் பறவை படுத்தவாக்கில்தான் வரும், நெய்ததும் உருளையில் சுருண்டுவிடும். அதனால் என்ன பிறந்தது என்று எனக்கே தெரியாது.

ஓட்டல் வரவேற்பறையில் தொங்கலைச் சுவரில் விரித்து மாட்டினார்கள். ஏ.சி. குளிரில் சரோஜா பட்டுச்சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ரேவதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளோடு ஒரு ஒல்லியான ஆள். பெயர் மனோகர். கூரைக்குக் கீழே நின்றுகொண்டு கழுத்தில் பைனாகுலர் மாட்டியிருந்தார். “இவர் எங்க பறவை ஆலோசகர் சார், ஒரு தடவை சரி பார்த்துடுவார்” என்றாள். பறவைக்கு ஆலோசகரா! பறவை யாரிடம் ஆலோசனை கேட்கிறது?

அந்த ஆள் நோட்டை எடுத்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தார். இருபத்துமூன்று வரை தலையை ஆட்டினார். எனக்கு மீசை நிமிர்ந்தது. பிறகு தலை ஆடுவது நின்றது. இருபத்தெட்டில் ஆளே நின்றார்.

“சார், பன்னெண்டாவது என்ன பறவை?”

“சாம்பல் நாரை சார்.”

“இருபத்தெட்டாவது?”

நான் தொங்கலின் ஓரத்தை நீவிவிட்டேன்.

“இதுவும் சாம்பல் நாரைதானே?”

“அது வேற, இது வேற சார். அது வந்துக்கினு இருக்குது. இது போய்க்கினு இருக்குது.”

அவர் மறுப்புச் சொல்லவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார். அதுதான் பயமாக இருந்தது. மூன்று பறவை தள்ளிப் போய்த் தலையைச் சாய்த்தார். பிறகு உடம்பையே சாய்த்தார். ரேவதியும் சாய்ந்தாள். நானும் சாய்ந்து பார்த்தேன். என் கூழைக்கடா, இரண்டு காலையும் ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு, வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியது. ஒவ்வொரு பறவைக்கும் காலடியில் தண்ணீர் என்று ஒரு நெளிகோடு போட்டிருந்தோம். இதற்குத் தண்ணீரும் உச்சியில் இருந்தது.

“இது என்ன சார்?”

ஒரு நிமிடம் யோசித்தேன். (யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசித்திருந்தால் இந்த நிமிடமே வந்திருக்காது.) “மீனு புடிக்க முங்குது சார்.”

“நம்ம ஊர் கூழைக்கடா முங்காது. நீந்திக்கிட்டே அலகால அள்ளும்.”

“பசியில முங்கியிருக்கும் சார்.”

“தண்ணி மேல இருக்கே?”

“ஆழமான தண்ணி சார்.”

சோபாவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சரோஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து ரேவதி ஓடினாள். “மேடம், மேடம், ஒண்ணும் இல்ல, சரி பண்ணிக்கலாம்.”

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சிரித்து முடித்திருந்தாள். “இன்னா சரி பண்றதும்மா? இந்த மனுசன் உங்களுக்குச் சொன்னது ஒரு பறவையோட வெலை. சேலைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டாரு. அதுக்கு அப்புறம் நீங்க பார்க்கறது எல்லாம் பறவை இல்ல. என் மாடி. இந்த நாரை என் படிக்கட்டு. இது ஜன்னலு. இந்தக் கரண்டிவாயன் வரைக்கும் சுவரு எழும்பிச்சி. அதோட காசு தீந்துபோச்சி. அதுக்கு மேல திரும்பி நிக்கிறது எல்லாம் இவரு மானம்.”

ரேவதி என்னைப் பார்த்தாள். “ஏன் சார் ஒரு போன் பண்ணியிருக்கலாமே? நாங்க இதுக்கு நாலு லட்சம் ஒதுக்கியிருந்தோம்.”

“எவ்ளோ?”

“நாலு லட்சம் சார். மத்த ரெண்டு பேரும் மூணரைக்கு மேலதான் குடுத்தாங்க. நீங்க அறுபத்தஞ்சுன்னதும் எங்க ஓனர், இவ்ளோ கம்மின்னா ஏதோ மட்டமான ஆளு, வேணாம்னுட்டார். நான்தான் சண்டை போட்டு உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்.”

என் வாழ்க்கையில் என்னை மட்டமான ஆள் என்று சொன்னவர்கள் உண்டு. விலை அதிகம் என்பதற்காகச் சொன்னார்கள், வாய் நீளம் என்பதற்காகச் சொன்னார்கள். மலிவு என்பதற்காக என்னைச் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது. நான் நஷ்டப்பட்டு, மனைவியின் மாடியை இடித்து (கட்டாத மாடியை இடித்தவன் நான் ஒருவன்தான்), நியாயமாக இருக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒருவர் இவன் மட்டச் சரக்குக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

இதற்கு நடுவில் டீ வந்தது. வாய் சும்மா இருக்கவில்லை, அந்த மனோகரைக் கேட்டேன்: “சார், இப்ப டிக் அடிச்சதுக்கு உங்களுக்கு எவ்ளோ?”

அவர் கூச்சப்படவில்லை. மணிக்கணக்காம். வேலை தொடங்குவதற்கு முன்பே நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாராம். எத்தனை படம் பார்ப்பேன், எத்தனை தடவை திருத்துவேன், எது என் வேலை, எது என் வேலையில்லை, எல்லாம் அதில் இருக்கிறதாம். வந்து போகிற காருக்குத் தனி. ஒரு தடவைக்கு மேல் சரி பார்க்க வேண்டி வந்தால் அதற்கும் தனி.

“அப்ப நான் தப்பா போட்டதால…”

“ஆமா சார். திருத்தினதும் நான் இன்னொரு தடவை வரணும்.”

என் கூழைக்கடா தலைகீழாகத் தொங்கியதில் அந்த ஆளுக்கு ஒரு நாள் வருமானம்! இருபத்துமூன்று பறவையை நெய்தவனுக்கு நஷ்டம், பதினேழைத் தப்பு என்று சொன்னவனுக்குப் போனஸ். ஆத்திரத்தில், “ஜரிகை வேலையாவது எப்படி இருக்குது, சொல்லுங்க” என்றேன்.

“அது என் வேலையில வராது சார்” என்றார்.

அந்த ஆளை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. அந்த ஆளிடம் கற்றுக்கொண்ட மாதிரி யாரிடமும் கற்றுக்கொண்டதும் இல்லை. (முதலாவதை அவரிடம் சொல்லிவிட்டேன்.)

ரேவதி நல்ல பெண். “பழையது போகட்டும் சார். இருபத்துமூணு பறவைக்கு நீங்க செலவு பண்ணினதையும் எழுதுங்க, நான் ஓனர்கிட்ட பேசறேன்” என்றாள். நான் வாயைத் திறந்தேன். சரோஜா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“அது வேணாம்மா. அவரு வாயால சொன்னது அறுபத்தஞ்சி. அது அதுக்குள்ளயே போவட்டும். மீதி பதினேழுக்குப் புதுசா சொல்றோம். ரெண்டு நாள் டைம் குடு. எழுதிக் குடுக்கறோம்.”

முப்பது வருட ஆசையை அவள் அந்த ஓட்டல் தரையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். என் வார்த்தையைக் காப்பாற்றினாள். இதற்கு நான் நியாயமாக அங்கேயே அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பஸ் ஸ்டாப்பில், “கேட்டிருக்கலாமில்ல?” என்று முணுமுணுத்தேன். அவள் பார்த்த பார்வையில் வாலாஜாபாத் பஸ்ஸே ஒரு நிமிடம் தயங்கி நின்றது.

வீட்டுக்கு வந்து, ஜமால் பாயைக் கூப்பிட்டு, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். படம் வரைய இவ்வளவு. அட்டை எண்ணிக்கை இவ்வளவு, ஓர் அட்டைக்கு இவ்வளவு. நெசவு இத்தனை நாள். படத்தை ஒரு தடவை மாற்றினால் சரி, இரண்டாவது தடவை மாற்றினால் தனிக் காசு. முன்பணம் பாதி. “வீட்டுல அட்டை வைக்கிற எடத்துக்கு வாடகை போடலாமா பாய்?” என்று கேட்டாள். பாய் யோசித்துவிட்டு, “ரசப்பொடி தேடற நேரத்துக்கும் போடும்மா” என்றார். வாடகை மட்டும் போட்டாள். பதினேழு பறவைக்கு வந்த தொகை, நாற்பதுக்கு நான் சொன்னதைப் போல இரண்டரை மடங்கு. இதை அனுப்பினால் அந்தப் பெண் போனையே எடுக்கமாட்டாள் என்று சவால் விட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “ரொம்பத் தெளிவா இருக்கு மேடம், தேங்க்ஸ்.” மேடம்! எனக்கு ஒரு தேங்க்ஸ் கிடையாது.

திரும்பி நின்ற பதினேழையும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துண்டை தையல் தெரியாமல் ஒட்டுப் போட்டுக் கொடுத்தோம். வெட்டிய துண்டுக்கான பட்டும் ஜரிகையும் என் தலையில். மனோகர் வந்தார், நாற்பது டிக் அடித்தார், காசு வாங்கிக்கொண்டு போனார். சரோஜாவுக்கு மாடி வந்தது. ஆனால் நினைத்தபடி இல்லை. தளம் போட முடியவில்லை, மேலே தகரம்தான். வெயில் காலத்தில் மத்தியானம் அங்கே அப்பளம் சுடலாம். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சித்திரை மாதத்தில் விசிறியை மட்டும் கொஞ்சம் பலமாக விசிறுவாள்.

அன்றைக்கு முதல் எங்கள் வீட்டில் விலை சொல்கிற இலாகா அவளுடையது. தறி பார்க்க வந்தாலே ஐநூறு. பார்த்த பிறகுதான் விலை, அதுவும் எழுத்தில்தான். என்னென்ன செய்வோம் என்பதற்குக் கீழே என்னென்ன செய்யமாட்டோம் என்றும் எழுதுவாள். ஊருக்கு இதில் எவ்வளவு கோபம் தெரியுமா? “ஏகாம்பரம் பார்க்கறதுக்கே காசு கேக்கறாராம்பா!” கேட்பேன். நாற்பது வருடம் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கண்ணுக்குப் பார்க்கத் தெரிந்தது. ஐநூறு கேட்கிற இடத்தில் என்னை மரியாதையாக உட்காரவைத்து மின்விசிறி போடுகிறார்கள். ஓசியில் போன இடத்தில் என்னையே சுத்தியல் எடுத்துவரச் சொன்னார்கள். இதை நான் முப்பது வயதில் தெரிந்துகொண்டிருந்தால் அந்த ஓட்டலே என்னுடையதாக இருந்திருக்கும்.

குடும்பத்தில் விஷயம் பரவாமல் இருக்குமா? மச்சான் போன் செய்து, “மாமா, ஒரு சின்ன ஒத்தாசை” என்று ஆரம்பித்தால் போதும், கூடத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், “எத்தனை பறவைன்னு கேளுங்க!” என்பார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிறவன் என்னிடம் “இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டாலும் அதே கேள்வி. நாற்பது வருடம் நான் சரியாகச் சொன்ன விலைகளை ஒருத்தராவது பேசுகிறார்களா? ஒரே ஒரு தடவை தவறினேன். அதற்கு வயது ஆறாகிறது, இன்னும் அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறார்கள்.

போன மாதம் மூட்டு வலிக்காக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு மகள்களும், மருமகன்களும், சரோஜாவும் சுற்றி நின்றார்கள். டாக்டர் சின்ன வயசு. எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து, “ஆபரேஷன் பண்ணிடலாம் ஐயா, சுமாரா ரெண்டு லட்சம் ஆகும்” என்றார்.

“ஒரு முட்டிக்கா, ரெண்டுக்குமா?” என்றேன்.

“ஒண்ணுக்குத்தான்.”

“ரூம் வாடகை, மாத்திரை, கட்டுப் பிரிக்கிறது எல்லாம் அதுக்குள்ளயா, தனியா? நடுவுல நீங்க எதனா மாத்தினா அது யாரு கணக்கு? எது எது இதுல வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

டாக்டர் எக்ஸ்ரேவைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஃபைலைத் திறந்தார். “ஐயா என்ன தொழில் பண்றீங்க?”

நான் மார்பை நிமிர்த்தி வாயைத் திறப்பதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

“பறவை ஆராய்ச்சி, டாக்டர்.”

பின்னால் நின்ற மகள்கள், மருமகன்கள் நாலு பேரும் அறையை விட்டு வெளியே ஓடினார்கள். டாக்டர் மரியாதையாகத் தலையை ஆட்டி அதை அப்படியே எழுதிக்கொண்டார். நெசவுத் தொழிலில் ஐம்பது வருடத்தைத் தாண்டியவன் நான். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்றைக்கும் என் தொழில் அதுதான்.